மெல்லிய இணைப்பும் நேரிய பங்கீடும்

துறையூரினின்று பச்சைமலை ஏறுவார்க்கு, மலைமடிப்புக்கள் வானலையை மறைத்தல் புதிதன்று. அத்தகைய மலையூர்ப் பள்ளியொன்றில் நொடிக்குப் 10 மெகாபிட் அளவினதாய இணைய இணைப்பு ஒன்றே உளதென்றும், 60 மாணாக்கர் அதனைப் பயன்கொள்கின்றனர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவன் திரைப்படமொன்றை இறக்கத் தொடங்குவானாயின், உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்புவாளொருத்தியின் பக்கம் திறவாது நிற்கும். கடைசி நாளும் கழிந்துவிடும்.

ஆளுக்கு இத்துணையென்று கட்டி விடுக என்பார் பலர். யாம் அதற்கு உடன்படோம். ஆறிலொரு மெகாபிட்டே ஒருவர் பங்கென விதித்தால், நள்ளிரவில் ஒருத்தியே விழித்திருந்து பயிலினும் அவளுக்குக் கிடைப்பது அவ்வளவே. எஞ்சியது எவர்க்கும் பயனின்றி ஒழியும். இது பங்கீடு அன்று, கருமித்தனம்.

லினக்ஸால் இயங்கும் ரூட்டரில் இதனினும் நேரிய வழிகள் உள. ‘ஹெச்.டி.பி.’ என்னும் முறை ஒவ்வொருவர்க்கும் உறுதியான பங்கொன்றை வைத்து, வேண்டாதார் பங்கினை வேண்டுவார்க்குக் கடனாக ஈயும். 2018 முதல் லினக்ஸின் கருவிலேயே அமைந்துள்ள ‘கேக்’ (பெயரைக் கண்டு நகையாதீர்!) முதலில் ஆட்களுக்குள்ளும், பின்னர் அவரவர் இணைப்புக்களுக்குள்ளும் சமமாகப் பகுக்குமாறு அமைக்கத் தக்கது. ஆதலின் ஒரே கணினியில் நூறு இணைப்புத் திறந்தானும் பிறர் பங்கினைக் கவரான். பழைய கணினியொன்றே இவ்வேலைக்குப் போதும்.

ஆயின் ஒன்று குறிக்கொள்ளல் வேண்டும். இணைப்பு 10 தருமாயின், ரூட்டரில் ஒன்பதரை என்றே எழுதுக. அரை மெகாபிட்டை இழப்பானேன் என்பீராயின், அவ்விழப்பினாலன்றோ வரிசை கம்பெனியின் பெட்டியில் தேங்காது நம் பெட்டியில் நிற்கின்றது! நம்மிடத்து நிற்கும் வரிசையையே நாம் ஒழுங்குசெய்தல் கூடும். நம் முக்கொம்பும் இதனையே காட்டும். தாழ்ந்த கொள்ளிடம் நீரை ஈர்த்துக்கொள்ளக் காவிரி மெலிந்தது. 1836-இல் மேலணை முடிந்த பின்னரே, பிரியுமிடத்தில் நீரை ஆளும் உரிமை நம் கைக்கு வந்தது.

தலைமையாசிரியர் அறைக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்பாரும் உளர். மாவட்ட அலுவலகத்துக்குக் கணக்கனுப்பும் வேளையில் முதன்மை தருக. ஏனைப் பொழுதெல்லாம் அவரும் அறுபத்தோராமவரே. வானலை இணைப்பின் வேகமோ பொழுதுக்குப் பொழுது மாறும். ஆகவே உயர்வகுப்பு மாணாக்கர் இருவர் வாரந்தோறும் அதனை அளந்து, ரூட்டரிலுள்ள எண்ணைத் திருத்தி, அவ்வெண்ணைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் யாவருங் காண ஒட்டிவைத்தல் வேண்டும்.