நான்கே பந்தயங்கள்

கிரிக்கெட் பற்றிய பேச்சு எழாத தமிழர் இல்லம் தலைநகரில் அரிது. வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த், அஸ்வின் முதலியோரை நம் குழந்தைகள் நன்கறிவர். ஆயினும், டில்லி கேட்டை அடுத்த பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் பெயர் சி. ஆர். ரங்காச்சாரி.

செங்கற்பட்டு மாவட்டத்து மாமண்டூரில் 1916-ஆம் ஆண்டு பிறந்த ரங்காச்சாரி, சென்னை அணியின் வேகப் பந்து வீச்சாளர். வேகமாகப் பந்து வீசுவோருக்கு இருபதிலிருந்து முப்பது வரையுள்ள வயதே பொற்காலம். அவருக்கு அந்த வயது நடந்தபோது, உலகப் போரும் குறுக்கிடவே, 1936 ஆகஸ்டு முதல் 1946 ஜூன் வரை இந்தியா ஒரு டெஸ்ட் பந்தயமும் ஆடவில்லை. ரஞ்சிக் கோப்பையோ அந்நாளில் தோற்ற அணி உடனே வெளியேறும் முறையில் நடந்தது. இங்கிலாந்தின் கவுண்டி ஆட்டக்காரர்களுக்குக் கோடை முழுவதும் பந்தயங்கள் உண்டு. இன்று தவறியவர் அடுத்த வாரம் தேறலாம். நம்மவர்க்கு ஓராண்டில் ஒரே பந்தயத்துடன் முடிந்துபோவதும் உண்டு.

1948 ஜனவரியில் அடிலெய்டில் அவர் முதன்முதலாக இந்தியாவுக்காக ஆடியபோது வயது முப்பத்தொன்று. பிராட்மன் 201 ரன்கள் குவிக்க, ஆஸ்திரேலியா 674 ரன்கள் எடுத்த அந்த ஆட்டத்தில் 141 ரன்கள் கொடுத்து நான்கு விக்கெட்டுகளை எடுத்தார்.

அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள், சுதந்திர இந்தியா தன் மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட் பந்தயம் கோட்லாவில் தொடங்கிற்று. மேற்கிந்தியத் தீவினர் 27 ரன்களுக்குள் மூன்று விக்கெட்டுகளை இழந்தனர். மூன்றையும் வீழ்த்தியவர் ரங்காச்சாரியே. மூவரில் ஒருவர் உலகப் புகழ் பெற்ற ஹெட்லி! பின்னர் வால்காட்டும் கோமஸும் இணைந்து 267 ரன்கள் சேர்த்தனர். நால்வர் நூறு கண்டனர். மொத்தம் 631. அத்தகைய பெருவெள்ளத்திலும் 107 ரன்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார் நம்மவர்.

அடுத்த மாதம் பம்பாயில் 148 ரன்கள் கொடுத்தார். விக்கெட் ஒன்றும் விழவில்லை. அத்துடன் முடிந்தது அவருடைய டெஸ்ட் வாழ்வு. அந்தத் தொடர் முடிந்தபின், 1951 நவம்பர் வரை இந்தியாவுக்கு வேறு டெஸ்ட் பந்தயமே வாய்க்கவில்லை. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தைந்து. 1993-இல் அவர் மறைந்தார்.

நான்கு பந்தயங்கள், ஒன்பது விக்கெட்டுகள், விக்கெட்டுக்கு ஏறக்குறைய 55 ரன்கள் என்கிறது கணக்கேடு. அக்கணக்கு பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. ஒருவர் என்ன சாதித்தார் என்று கேட்குமுன், அவருக்கு எத்துணை வாய்ப்புக் கிட்டியது என்றும் கேட்பதன்றோ நீதி?

ஊர்விட்டு ஊர் வந்து, புதிய மொழியில் பயிலும் நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போதும் இக்கேள்வியை நாம் மறவாதிருப்போமாக. அந்த மைதானத்தின் அரங்கம் 2019 முதல் அருண் ஜேட்லியின் பெயர் தாங்கி நிற்கிறது. அவ்வழியே செல்லும்போது, மாமண்டூர்க்காரரின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.