வெம்மையும் விசிறியும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடும் இடமாதலின் நம் ஊர் திருமுக்கூடல் என்னும் பெயர் பெற்றது. மழைக்காலத்திற் கரைமேல் நின்று நோக்குவார்க்கு, இது பாலாற்று நீர், இது செய்யாற்று நீர் எனப் பிரித்துக் காட்டல் இயலாது. ஒன்று பெருகின் மற்றவையும் அதனுடன் சேர்ந்தே பெருகித் தோன்றும். இவ்வூர்ப் பெயரை நினைக்குந்தோறும், நம் வீட்டு முன்னறையில் இருக்கும் வேறொரு முக்கூடலும் நம் நினைவுக்கு வருகின்றது. அஃதாவது விளையாட்டுக் கணினி. வேகம், வெம்மை, ஒலி என்னும் மூன்று ஆறுகளும் அங்கே கூடுகின்றன. வேகம் மிகின் வெம்மை மிகும். வெம்மை மிகின் விசிறியின் ஒலி மிகும். முதலாவதை மட்டும் வேண்டி மற்றிரண்டையும் வேண்டாம் என்பார், மேற்கே மழையை வேண்டி ஆற்றில் வெள்ளம் வேண்டாம் என்பாரை ஒப்பர்.

தமிழ் பயிலும் மாணவர் இலக்கியம் பேசாது இயந்திரத்தின் சூட்டைப் பேசப் புகுந்தது ஏனோ என நண்பர்கள் வியத்தல் கூடும். காரணம் உண்டு. நம் தந்தையார் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணி செய்பவர். விடியலிற் பேருந்தில் வந்து இறங்கிப் பகலில் உறங்குபவர். சென்ற கோடை விடுமுறையில் நம் தம்பி, பிறர் பயன்படுத்தி விற்ற கணினி ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்தான். அவன் காதுகளை ஹெட்போன் மூடியிருந்தது. விளையாட்டின் இசையன்றி வேறொன்றும் அவனுக்குக் கேளாது. கணினியின் உள்ளிருந்த விசிறிகளின் இரைச்சலோ வீடெங்கும் கேட்டது. மூன்றாம் நாள் தந்தையார் எழுந்து வந்து, "என்னடா இது, வீட்டுக்குள்ளேயே கல் உடைக்கிற ஆலை வைத்துவிட்டாயா?" என்றார். தம்பிக்கு அதுவும் கேட்கவில்லை. அவ்வாரமே அக்கணினி விற்கப்படும் என்னும் தீர்ப்பும் பிறந்தது.

இந்நிகழ்ச்சியில் நம் உள்ளத்தைத் தைத்தது ஒன்று. ஒலியை உண்டாக்கியவன் எவனோ அவன் ஒருவனுக்கே அது கேட்கவில்லை. கேட்டவர் அனைவரும் அதனால் யாதொரு பயனும் பெறாதவர். இன்பம் ஒருவர்க்கும் துன்பம் பிறர்க்குமாகப் பங்கிடப்படும் எச்செயலும் நீதியாகாது. ஆயினும் கணினியை விற்றுவிடுதலே வழி என்பதும் நமக்கு உடன்பாடன்று. இளைஞர்க்கு விளையாட்டு வேண்டும். நோய் இன்னது என்று அறியாமலே நோயாளியை வீட்டை விட்டு வெளியேற்றுதல் வைத்தியமாகாது. ஆகவே அந்நோயின் இயல்பை ஆராயத் தொடங்கினோம். கண்டவற்றை ஈண்டு உரைக்கின்றோம்.

விளையாட்டுக் கணினியில் மிகுதியான மின்சாரத்தை உண்பது கிராபிக்ஸ் கார்டு என வழங்கும் வரைகலை அட்டையே. 75 வாட்டு அளவில் அடங்கும் சிறு அட்டைகளும் உள. 2025-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5090 என்னும் பேரட்டைக்கோ 575 வாட்டு வரை வேண்டும். நம் தம்பியின் அட்டை 170 வாட்டு உண்பது. அட்டை உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கணினி முழுவதும் 300 வாட்டு உண்ணுமாயின், 300 வாட்டு அடுப்பொன்றை அறையில் வைத்ததற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. வாளா இருக்கும் மனிதன் ஒருவன் உடலினின்று ஏறத்தாழ 100 வாட்டு வெப்பம் வெளிப்படும் என்பர். எனவே தம்பி விளையாட அமரும்போது அவனோடு கண்ணுக்குப் புலனாகாத மூவர் அச்சிற்றறையில் அமர்கின்றனர். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் விளையாடின், 60 நாட்களில் 54 யூனிட் மின்சாரம் செலவாகும். மின்கட்டணம் செலுத்துபவரும் உறக்கம் இழந்த தந்தையாரே.

அட்டையின் சில்லிற் பிறக்கும் சூடு தெர்மல் பேஸ்ட் என்னும் பசையின் வழியே செம்பிலும் அலுமினியத் தகடுகளிலும் பரவ, விசிறிகள் காற்றை ஊதி அச்சூட்டைத் தகடுகளினின்று கவர்கின்றன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. விசிறி அறையின் காற்றினும் குளிர்ந்த காற்றை உண்டாக்க மாட்டாது; உள்ள காற்றையே வீச வல்லது. தை மாதத்தில் அறை 26 பாகை இருக்கும்பொழுது 72 பாகையில் நிற்கும் அட்டை, அதே விளையாட்டிற்கு, சித்திரையில் அறை 38 பாகை ஆகும்பொழுது 84 பாகையை எட்டும். ஏறத்தாழ 83 பாகையைத் தாண்டாதிருக்குமாறு பல அட்டைகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளன. மேனாட்டார் தம் குளிர்ந்த அறைகளில் அளந்து எழுதிய கணக்கைக் காஞ்சிபுரத்துக் கோடைக்கு அப்படியே கொள்ளுதல் ஆகாது.

விசிறியைப் பற்றியும் ஒரு விதி அறியத்தக்கது. அதன் சுழற்சியை இருமடங்காக்கின் காற்று இருமடங்கே வரும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபல் உயரும். 10 டெசிபல் உயர்ந்தாலே காதுக்கு இருமடங்கு ஒலியாகத் தோன்றும். ஆதலின் சிறிது குளிர்ச்சிக்காகப் பெரிதும் இரைச்சலை விலையாகக் கொடுக்கின்றோம். இதனைத் திருப்பி நோக்கின் நற்செய்தி ஒன்றும் உண்டு. சுழற்சியைச் சிறிது குறைத்தாலும் அமைதி பெரிதும் கிட்டும்.

இவ்விடர் புதியதன்று. 2003-இல் என்விடியா நிறுவனத்தார் வெளியிட்ட ஜீஃபோர்ஸ் எப்.எக்ஸ். 5800 அல்ட்ரா என்னும் அட்டை, தன் விசிறியின் பேரிரைச்சலால் உலகெங்கும் நகைப்புக்கிடமாயிற்று. அந்நிறுவனத்தாரே தம்மைத் தாமே எள்ளிச் சலனப்படம் ஒன்று எடுத்தனர் என்றால் அவ்வொலியின் பெருமையை நண்பர்களே உய்த்துணரலாம்.

இனி நம் கருத்தைக் கூறுவோம். வெம்மை மிகுந்தால் விசிறிகளை மேலும் வாங்கிப் பூட்டுக என்பதே கடைவீதி தரும் அறிவுரை. நம் அறிவுரை அதற்கு மாறானது. விசிறி கடைசி மருந்து. அடக்கமே முதல் மருந்து.

முதலாவது தூசி. நம் ஊரின் சுற்றுப்புறத்திற் கல் உடைக்கும் ஆலைகள் பல உள. கல் ஏற்றிய லாரிகள் செல்லுந்தோறும் எழும் வெண்டூசி மரத்தின் இலைகளிற் படிவதைக் காண்கின்றோம். கணினிக்குள் படிவதை மட்டும் காண்பதில்லை. தம்பியின் அட்டையைக் கழற்றிப் பார்த்தபொழுது தகடுகளின் இடைவெளிகள் கம்பளி விரித்தாற்போல் அடைபட்டிருந்தன. மின்இணைப்பை முற்றும் நீக்கி, மெல்லிய தூரிகையாலும் ஊதுகருவியாலும் துடைத்தல் வேண்டும். ஊதும்போது விசிறியின் இறகை விரலாற் பிடித்துக்கொள்ளுதல் நன்று. இல்லையேல் அது அளவுக்கு மிஞ்சிச் சுழன்று பழுதுறக்கூடும். காற்று வரட்டும் என்று கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைப்பார் பலர். நம் ஊரில் அது காற்றோடு கல்தூளையும் விருந்துக்கு அழைப்பதேயாகும். காற்று புகும் வாயிலில் மெல்லிய வலையிட்டு, பெட்டியைத் தரையினின்று உயர்த்தி, சுவரினின்று ஒரு சாண் விலக்கி வைப்பின் அதுவே போதும்.

இரண்டாவது, வேண்டாத உழைப்பை ஒழித்தல். தம்பியின் மானிட்டர் ஒரு நொடிக்கு 60 படங்களையே காட்ட வல்லது. அட்டையோ 140 படங்களை வரைந்து குவித்துக்கொண்டிருந்தது. எஞ்சிய 80 படங்களையும் கண்ணுற்றவர் ஒருவரும் இலர். அவ்வளவும் வெம்மையாகித் தந்தையாரின் உறக்கத்தைக் கெடுத்தது ஒன்றே மிச்சம். 60 என வரம்பு கட்டியவுடன் பாதி இரைச்சல் ஒழிந்தது. இவ்வரம்பின் அருமையை உலகமும் ஒருமுறை உணர்ந்தது. 2021 ஜூலையில் நியூ வேர்ல்டு என்னும் விளையாட்டின் சோதனைப் பதிப்பை ஆடியவர்களிற் சிலருடைய விலையுயர்ந்த 3090 அட்டைகள் பழுதுபட்டன. விளையாட்டின் முகப்புத் திரையிலேயே படங்கள் வரம்பின்றி வரையப்பட்டன என்று பேசப்பட்டது. அட்டைகளிற் சிலவற்றைச் செய்தவர்கள், தம் அட்டைகளின் பற்றவைப்புக் குறையே காரணம் என்றனர். எனினும் விளையாட்டைப் படைத்தவர்கள் முகப்புத் திரைக்கு வரம்பு ஒன்று கட்டினர். ஆட்டம் தொடங்குமுன்னரே ஓடிக் களைப்பது அறிவாகுமோ?

மூன்றாவது, மின்னுணவைக் குறைத்தல். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளால் அட்டையின் மின்வரம்பை 75 விழுக்காடாகக் குறைத்தோம். 170 வாட்டு ஏறத்தாழ 128 ஆயிற்று. ஆட்டத்தின் வேகத்தில் தம்பியே கண்டுபிடிக்கக்கூடிய குறை ஒன்றும் தோன்றவில்லை. உச்சியில் உள்ள சிறு வேகத்திற்கே பெருஞ்செலவு ஆகின்றமையின் இஃது இயல்வதாயிற்று. சில்லின் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைப்பின், அதே வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது இயற்பியற் கணக்கு. இதனைப் படிப்படியாகவே செய்து பார்த்தல் வேண்டும். மிகக் குறைப்பின் ஆட்டத்தின் நடுவே கணினி நின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பின்னரே விசிறியின் பக்கம் திரும்புதல் தகும். இத்தனை பாகைக்கு இவ்வளவு சுழற்சி என வகுக்கும் வளைகோட்டை மெல்லச் சாய்வாக அமைத்தால், விசிறி திடீரென அலறுவதும் அடங்குவதுமாக இராது. ஏறி இறங்கும் ஒலியே சீரான ஒலியினும் உறக்கத்தை மிகுதியாகக் கெடுக்கும். ஆனால் ஒலிக்கு அஞ்சி விசிறியை அறவே நிறுத்துதல் பேதைமை. சில்லு தாங்கினும் அருகிலுள்ள நினைவகச் சில்லுகள் வெந்து போகும். பல்லாண்டு பழகிய அட்டையாயின் உலர்ந்த பசையை மாற்றுவதும் நலம். நம் முயற்சியின் முடிவு இது: அறை 36 பாகையாயிருந்த ஒரு பிற்பகலில் அட்டை 71 பாகையில் நின்றது. நிமிடத்திற்கு 2,600 சுற்றுச் சுழன்ற விசிறி 1,700 சுற்றில் அடங்கியது. கணக்குப்படி ஒலி ஏறத்தாழ 9 டெசிபல் தாழ்ந்தது. செலவு ஒரு தூரிகையின் விலையே. கணினி விற்கப்படவில்லை.

தமிழ் மாணவராகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வருகின்றது. வெம்மை என்னும் உரிச்சொல் விருப்பத்தையும் குறிக்கும் எனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறியுள்ளார். சூட்டிற்கும் ஆசைக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோர் கணினியைக் கண்டாரல்லர், மனிதனைக் கண்டவர். வேண்டாத 80 படங்களை வேண்டும் ஆசையன்றோ இங்கே வெம்மையாயிற்று!

நம் ஊர்ப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உளது. 11-ஆம் நூற்றாண்டினதாகிய அக்கல்வெட்டு, அங்கிருந்த கல்விச்சாலைக்கும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கும் வகுத்த நிவந்தங்களைக் கூறுகின்றது. மருத்துவனுக்கு இவ்வளவு, பணிப்பெண்களுக்கு இவ்வளவு எனக் கூறுவதோடு, மாணாக்கர் சனிக்கிழமை தோறும் முழுகுதற்கு எண்ணெயும் விளக்கெரிக்க எண்ணெயும் கணக்கிட்டுக் கொடுக்கின்றது. கல்விக்கு ஏற்பாடு செய்தவர்கள் கற்பவன் தலையின் சூட்டையும் மறந்தாரல்லர். கருவியை வாங்கித் தரும் நாம், அதன் சூட்டையும் அதனருகே உறங்குபவரையும் கணக்கிற் சேர்க்க மறத்தல் தகுமோ?

ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசி நின்றபொழுது பெருங்காற்று வீசிற்று. ஆண்டவர் அக்காற்றில் இல்லை. நில அதிர்ச்சியும் நெருப்பும் வந்தன. அவற்றிலும் அவர் இல்லை. அவற்றின் பின் வந்த மெல்லிய ஒலியையே தீர்க்கதரிசி முகத்தை மூடிக்கொண்டு கேட்டார். காற்றும் நெருப்பும் நிறைந்த பெட்டிகளை வீட்டில் வைத்திருக்கும் இளைஞர்க்கு இவ்வரலாறு நெடுந்தொலைவில் உள்ளதன்று. நண்பர்களே! இன்று மாலை விளையாட அமர்வதற்கு முன் ஒரு காரியம் செய்ம்மின். ஹெட்போனைச் சிறிது நேரம் கழற்றி வைத்து, உங்கள் கணினி எழுப்பும் ஒலியை நீங்களே கேண்மின். அடுத்த அறையில் உறங்குபவர் நாள்தோறும் கேட்பது அதுவே. அதனைக் கேட்ட பின்னர்ச் செய்யவேண்டுவது யாதென நாம் சொல்லவும் வேண்டுமோ?