கடுக்காய் எங்கே போயிற்று?

சென்ற மாதம் கச்சிராயபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்வராயன் மலை அடிவாரம், பக்கத்தில் கோமுகி அணை. பார்ப்பதற்கு எவ்வளவோ உண்டு. ஆனால் நான் வாசற்படியைத் தாண்டவில்லை. வீட்டிற்குள்ளேயே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி, அக்காவின் மாமியார். பிரதிவாதி, கல்லூரியில் படிக்கும் பேரன்.

பேரன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டுத் தயாரிக்கிறான். மலைச் சரக்கை வாங்கி விற்கும் சந்தைக் கடை. என்னென்ன சரக்கு என்பதை ஆயாவிடம்தான் கேட்டு எழுதினான். கடுக்காய், தேன், புளி, சாமை என்று ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பது பொருள் சொன்னார்களாம் அந்த அம்மாள். கடைசியில் செல்போனில் ஏற்றிக் காட்டினால், கடையில் ஆறே பொருள்!

"நான் சொன்னதையெல்லாம் என்னடா பண்ணினே? கடுக்காய் எங்கடா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல நாற்பதும் தெரியுது, சித்தி!" என்றான் பையன், அழாத குறையாக.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஆகையால் விஷயத்தைக் கேளுங்கள்.

அவன் கையாளுவது டென்மார்க்கில் பிறந்து 2005-ல் வெளிவந்த 'யூனிட்டி' என்ற சாதனம். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், விலை, படம் குறித்துத் தனித்தனிச் சீட்டு வைக்கலாம். 'ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட்' என்று அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். நாம் சீட்டு என்றே சொல்வோம். சீட்டு எழுதுவது சுலபம். அத்தனையையும் திரட்டுவதில்தான் வினை. "இந்த வகைச் சீட்டு எவையெவை உண்டோ எல்லாவற்றையும் கொடு" என்று பையன் ஒரு கட்டளை எழுதியிருந்தான். அந்தக் கட்டளை அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை; அந்த நேரத்தில் மேஜை மேல், அதாவது நினைவகத்தில், கிடப்பதை மட்டும் பொறுக்கித் தரும். நாளெல்லாம் சீட்டுகளைத் திறந்து திருத்திக்கொண்டிருந்தவன் மேஜையில் நாற்பதும் கிடந்ததில் என்ன ஆச்சரியம்?

செல்போனுக்கு அனுப்புவதோ ஊருக்கு மூட்டை கட்டுவது போல. விளையாட்டுக் காட்சியில் எந்தச் சீட்டுக்குத் தொடர்பு இருக்கிறதோ அதை யூனிட்டி எடுத்து வைக்கும். யாரும் கேட்காததை, வீண் சுமை எதற்கென்று விட்டுவிடும். (சிக்கனத்தில் நம் மாமியார்கள் தோற்றார்கள்!) முதற் காட்சியிலேயே கடைத் தட்டில் வைத்திருந்த ஆறு மட்டும் போய்ச் சேர்ந்தன.

'ரிசோர்ஸஸ்' என்ற தனி உறையில் போட்டுவிட்டால் எல்லாம் கூடவே வரும். ஆனால் வேண்டாததும் சேர்ந்து ஏறும். பையன் அதை விரும்பவில்லை. ஒரு பதிவேடு உண்டாக்கி, நாற்பது சீட்டையும் அதில் சேர்த்து, பதிவேட்டைக் கடைக் காட்சியோடு இணைத்தான். கையால் எழுதினால் நாற்பத்தோராவது மறந்து போகுமே! மூட்டை கட்டுமுன் அலமாரியைத் துழாவிப் பதிவேட்டை நிரப்ப ஒரு சிறு நிரலும் எழுதினான். ஒவ்வொரு சீட்டுக்கும் மாறாத எண் ஒன்றும் கொடுத்தான். சாமையைப் பின்னால் சாமையரிசி என்று திருத்தினாலும், பாதி ஆட்டத்தில் நிறுத்தியவரின் சரக்குக் காணாமல் போகாது.

ராத்திரி பத்து மணிக்கு ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்கள். நாற்பது. மறுபடி மேலே போய்க் கடுக்காயில் நிறுத்தினார்கள்.

"ஏண்டா, இந்த விலைக்கு வாங்கினா, மலையிலேருந்து சுமந்துகிட்டு வர்றவனுக்கு என்னடா மிச்சம்?"