கடையில்தான் கிடைக்கிறதே!

சென்ற குளிர்காலத்தில் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டைப் பார்வையிட்டார். தேர்ந்த வாசகர். சிற்றிதழ் மரபை விரல்நுனியில் வைத்திருப்பவர். நியூஜெர்சியில் எங்களைப் போலவே கணினி வேலை பார்த்துப் பிழைப்பவர். மூலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் நின்றது. அதன் பக்கவாட்டில் டிபன் டப்பா அளவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும், பெட்டியில் சிவப்பாக ஒளிரும் 18.4 என்ற எண்ணும் இருந்தன. வீட்டில் பியர் காய்ச்சுவதற்காக நாங்கள் மூவர் சேர்ந்து செய்த வெப்பநிலைக் கட்டுப்படுத்தி அது என்று விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இதுதான் கடையில் கிடைக்கிறதே! நாற்பது டாலர் கொடுத்தால் இரண்டு நாளில் வீடு தேடி வந்துவிடும். இதற்கா ஆறு வாரக் கடைசிகளைத் தொலைத்தீர்கள்? அந்த நேரத்தில் நல்ல நாவலாக நாலு படித்திருக்கலாம்."

அன்று சிரித்து மழுப்பிவிட்டோம். அது தவறென்று பின்னர் பட்டது. அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமன்று. படித்த தமிழர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தின் பொதுக்கருத்து. ஆகவே விடையைப் பொதுவில் சொல்வதே முறை.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுவோம். பியர் காய்ச்சுவது என்கிறோமே தவிர, காய்ச்சும் வேலை ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். முளைகட்டி உலர்த்திய பார்லியின் இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து ஆற்றியபின் மனிதன் செய்வதற்கு அதிகமில்லை. சாற்றைப் பியராக்குவது ஈஸ்ட். அதற்கோ வெப்பநிலைதான் எல்லாம். ஏல் வகை ஈஸ்ட் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் ஒழுங்காக வேலை செய்யும். லாகர் வகை 10, 12 டிகிரியைக் கேட்கும். வெம்மை கூடினால் ஈஸ்ட் அவசரப்பட்டு, நாக்கைச் சுடும் கன ஆல்கஹால்களையும் தேவையற்ற பழவாடைகளையும் உண்டாக்கும். குளிர் கூடினால் பாதி வேலையில் உறங்கிவிடும். போதாக்குறைக்கு நொதித்தலே வெப்பத்தை உமிழ்வது. அறை 20 டிகிரியில் இருக்கும்போது வாளிக்குள் 24 இருக்கலாம். ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் தீராதா என்றால், வீட்டு ஃபிரிட்ஜின் திருகுக்குத் தெரிந்ததெல்லாம் ஏறக்குறைய 1 முதல் 6 டிகிரி வரைதான். 18 என்பது அதன் அகராதியில் இல்லை. எனவே சுவர் மின்னிணைப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஒரு காவல்காரன் வேண்டும். வெப்பத்தை அளக்கும் ஒரு சென்சார், முடிவெடுக்கும் ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர், மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் ஒரு ரிலே. அவ்வளவே அந்தப் பெட்டி.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பியர் காய்ச்ச வழிசெய்த கூட்டரசுச் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையொப்பமிட்டார். இரு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன்; விற்கக் கூடாது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் இதற்கு இசைந்தன. தமிழ்நாட்டில் சட்டம் இதற்கு இடம் தராது. ஆகவே இதை அங்குள்ளோர்க்கான செய்முறைக் குறிப்பாக யாரும் கொள்ள வேண்டாம்.

இனி எதிர்வாதங்கள். நண்பரின் வாதத்துக்கு வருமுன், அதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வரும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். "நம் பாட்டி என்ன தெர்மாமீட்டர் வைத்தா இட்லிமாவைப் புளிக்கவைத்தாள்?" என்பது அது. கேட்பவர்கள் மரபின் காவலர்கள். பாட்டியிடம் தெர்மாமீட்டர் இல்லை, சரி. வெப்பக் கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னது? மார்கழியில் மாவுப் பாத்திரத்தை அணைந்த அடுப்பின் ஓரத்துக்கு நகர்த்தியவளும், சித்திரையில் வெந்தயத்தைக் குறைத்தவளும், உப்பை இப்போது போடுவதா காலையில் போடுவதா என்று யோசித்தவளும் அவள்தான். இந்நாட்டுக் குளிரில் நம் வீட்டுப் பெண்கள் மாவை அவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் எரியவிடுகிறார்களே, அது என்ன? ஒரு பல்பு, ஒரு மூடிய பெட்டி, நடு இரவில் எழுந்து பார்க்கும் ஒரு கண். எங்கள் பெட்டியில் இருப்பதும் இவையே. பாட்டியை எங்களுக்கு எதிராகச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவோர் அவளை அறியாதோர்.

ஐரோப்பியரும் இவ்வழியே வந்தவர்கள்தாம். 1553இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சுவதைத் தடைசெய்தார்கள். கோடையில் காய்ச்சியது கெட்டுப்போனது. காரணம் தெரியாது, தெர்மாமீட்டரும் கிடையாது. ஆகவே நாள்காட்டியைக் கொண்டு கட்டுப்படுத்தினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அணைந்து ஒருமுறை எரியும் சுவிட்ச் அந்தச் சட்டம். 1870களில் கார்ல் லிண்டே தம் குளிரூட்டும் இயந்திரத்தை மியூனிக்கின் ஷ்பாட்டன் மதுவாலையில்தான் சோதித்தார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஈஸ்ட்டைத் தனித்துப் பிரித்து வளர்த்தார். இவர்களுக்கெல்லாம் முன்பே, வெப்பமும் உழைப்பும் ஒன்றுக்கொன்று மாறத்தக்கவை என்று அளந்து காட்டிய ஜூல், இங்கிலாந்தில் மதுவாலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகித்தவரல்லர். டிகிரியின் மிகச் சிறு பின்னங்களை அளப்பதில் கைதேர்ந்தவர். இன்று ஆற்றலின் அலகுக்கு அவர் பெயர். 'வெறும் பொழுதுபோக்கு' என்று உதட்டைப் பிதுக்குமுன் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

நண்பரின் வாதத்துக்கு வருவோம். கடையில் கிடைக்கிறது, உண்மை. நன்றாகவும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வாங்குகிறவருக்குக் கிடைக்காத ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அதன் பெயர் தோல்வி. மூன்று முறை தோற்றோம்.

முதல் முறை, சென்சாரை ஃபிரிட்ஜின் நடுவில் காற்றில் தொங்கவிட்டோம். காற்று ஒரு நிமிடத்தில் குளிரும், மறு நிமிடத்தில் சூடாகும். இருபது லிட்டர் திரவமோ அசையாது. அதை ஒரு டிகிரி இறக்க ஏறத்தாழ 84 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தாக வேண்டும். எங்கள் பெட்டி காற்றை நம்பி, நிமிடத்துக்கொருமுறை கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்தி ஓட்டியது. கம்ப்ரஸர் நின்றவுடன் அதன் இருபுறமும் உள்ள வாயு அழுத்தம் சமனாகச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் கிளப்பினால் மோட்டார் சுழல முடியாமல் திணறிச் சூடாகும். ஒரு வாரத்தில் ஓர் உறுமலும் 'டக்' என்ற ஓசையும் மட்டுமே மிஞ்சின. தெருவோரத்தில் யாரோ 'இலவசம்' என்று எழுதிவைத்திருந்த ஃபிரிட்ஜ் அது. எங்கள் அறியாமையால் இரண்டாம் முறையும் செத்தது. அதன்பிறகே, நிறுத்தினால் ஐந்து நிமிடம் காத்திரு என்ற வரியைப் புரோகிராமில் எழுதினோம். தொடங்கும் புள்ளிக்கும் நிறுத்தும் புள்ளிக்கும் அரை டிகிரி இடைவெளி விட்டோம்.

இரண்டாம் முறை, சென்சாரை வாளியின் பக்கத்தில் ஒட்டி மேலே பஞ்சுப்பலகை வைத்துக் கட்டினோம். இப்போது அது திரவத்தின் சொல்லைக் கேட்டது. ஆனால் திரவம் 18ஐத் தொடும்வரை கம்ப்ரஸர் ஓடியதில் சுற்றியிருந்த காற்று உறைநிலைக்கு அருகே போய்விட்டது. கம்ப்ரஸர் நின்றபின்னும் வாளி குளிர்ந்துகொண்டே சென்று 16இல் நின்றது. இலக்கை அடைந்ததும் நிறுத்துவது தாமதம், அடையுமுன்பே நிறுத்த வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம், புரிந்தது அன்றுதான். காற்றுக்கென்று இரண்டாவது சென்சார் வந்தது.

மூன்றாம் தோல்வியை இலக்கிய வாசகர்கள் ரசிக்கக்கூடும். நாங்கள் பயன்படுத்தியது டிஎஸ்18பி20 என்ற மூன்று காலுள்ள சென்சார். மின்சாரம் பெற்றதும் இன்னும் எதையும் அளக்காத நிலையில் அதன் நினைவில் இருக்கும் எண் 85. அந்நேரத்தில் கேட்டால் கூசாமல் 85 என்று சொல்லும். அதன் கம்பி அறுந்துபோனால், நாங்கள் எடுத்தாண்ட மென்பொருள் தரும் எண் −127. ஒரு பனிக்கால இரவில் ஈரத்தில் இணைப்பு விட்டுப்போயிற்று. −127 என்ற செய்தியைக் கேட்ட எங்கள் புரோகிராம் கருணையே வடிவாகி, வாளியைச் சூடாக்கும் பட்டையை விடியவிடிய எரியவிட்டது. காலையில் வாளி 31 டிகிரி. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை. இருபது லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினோம். நம்பகமற்ற கதைசொல்லியைப் பற்றிக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசிய நாங்கள், எங்கள் சொந்தப் பெட்டிக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. நம்பத்தகாத எண் வந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கூவு என்பது இப்போது அதன் முதல் விதி.

கடைப்பெட்டியிலும் இந்த ஐந்து நிமிடத் தாமதமும் அரை டிகிரி இடைவெளியும் ஏதோ வடிவில் உண்டு. யாரோ ஒருவர் எங்களைப் போலத் தோற்றுத்தான் அவற்றை அங்கே வைத்திருப்பார். வாங்கியவருக்கு அவை மெனுவில் வரும் இரண்டு சொற்கள். தொட அஞ்சுவார், அல்லது தொட்டுக் கெடுப்பார். வாங்குவதை நாங்கள் எதிர்க்கவில்லை. காசு கொடுத்ததனாலேயே அறிந்துவிட்டோம் என்ற மிதப்பையும், அறிய வேண்டியதில்லை என்ற அலட்சியத்தையும் எதிர்க்கிறோம்.

இந்த அலட்சியத்துக்கு விலையுண்டு. வீட்டு விளக்குகளையும் பிற சாதனங்களையும் இணைக்கும் ரிவால்வ் என்ற பெட்டி 300 டாலருக்கு விற்றது. அந்நிறுவனத்தை 2014இல் கூகுளின் கிளையான நெஸ்ட் வாங்கிக்கொண்டது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டது. அன்று எந்தப் பெட்டியும் பழுதாகவில்லை. மறுமுனையில் பேச ஆளில்லாமற் போனதால் எல்லாம் ஒரே நாளில் ஊமையாயின. கைப்பேசியோடு பேசும் 'புத்திசாலி'க் கட்டுப்படுத்திகளை வாங்கும்போதெல்லாம் இந்தக் கதையை எண்ணிக்கொள்கிறோம். எங்கள் பெட்டி யாரோடும் பேசாது. அதன் புரோகிராம் இரண்டு பக்கத் தாளில் அடங்கும். அந்தத் தாள் ஃபிரிட்ஜின் கதவிலேயே ஒட்டியிருக்கிறது.

ஆபத்தில்லையா என்ற கேள்வி நியாயமானது. 120 வோல்ட் விளையாட்டன்று. ஃபிரிட்ஜ் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு; மலிவான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிடும், பின்பு அணைக்கவே முடியாது. எனவே பெரிய ரிலே, ஃப்யூஸ், முறையான எர்த் இணைப்பு எல்லாம் வைத்து, மின்வேலை அறிந்தவர் ஒருவரை அழைத்துக் காட்டிய பின்னரே சுவரில் செருகினோம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் இழுக்கில்லை.

இழுக்கு எங்கே இருக்கிறதென்றால், தெரிந்தவரைத் தாழ்வாக நினைப்பதில் இருக்கிறது. நண்பரின் வாக்கியத்தில் எங்களை உறுத்தியது நாற்பது டாலர் அன்று, 'நாலு நாவல்'. படிப்பது உயர்ந்தது, பற்றவைப்பது தாழ்ந்தது என்னும் வரிசை. இந்த வரிசை எங்கிருந்து வந்ததென்று நமக்குத் தெரியாதா? கையால் செய்வோனைக் கீழேயும் அதைப் பற்றிப் பேசுவோனை மேலேயும் வைத்த சமூகம் நம்முடையது. ஆயுதபூஜையன்று திருப்புளிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மறுநாள் அதைத் தொட ஆள் கூப்பிடுகிறோம். கடல் கடந்து இங்கு வந்தபின்னும் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்தது இதைத்தான். சாதியை எதிர்த்துக் கவிதை எழுதுவோர் வீட்டிலும் கருவிப்பெட்டி இருப்பதில்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஆம், அந்தக் குளிர்காலத்தில் நாலு நாவல்கள் குறைந்தன. மாறாக, நாங்கள் நாள்தோறும் நம்பியிருக்கும் பொருள்களில் ஒன்றே ஒன்றை அடிமுதல் நுனிவரை அறிந்துகொண்டோம். நட்டக்கணக்கு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நாவல்கள் அலமாரியில்தான் இருக்கின்றன, எங்கும் போய்விடவில்லை.

வாங்குகிறவர்கள் வாங்கட்டும். வாங்கியபின் ஒருமுறையேனும் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கட்டும், மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு.