பத்தாயிரம் ரூபாயும் பம்ப் கடையும்

இருபது வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கப் பத்தாயிரம் ரூபாய். 2025 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதை அறிவித்தபோது, நமக்கு வர இன்னும் நாள் இருக்கிறது என்று பேப்பரை மடித்துவைத்துவிட்டேன். இந்த வாரம் அந்த நாள் வந்துவிட்டது. இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் 2001 டீசல் இண்டிகாவைத் தெரியும். ‘இன்னுமா அதை வைத்திருக்கிறீர்கள்?’ என்று சேலையூரிலிருந்து எழுதிக் கேட்கும் வாசகருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஆமாம், இன்னும்தான்.

2022 ஏப்ரலுக்கு முன்னால் இந்தப் புதுப்பிப்புக்கு அறுநூறு ரூபாய். அந்த ஏப்ரலில் ஐயாயிரம் ஆனது. இப்போது இருபது வயது தாண்டினால் பத்தாயிரம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி., தமிழ்நாட்டுப் பசுமை வரி தனி. டெல்லிக்காரர்களைப் பார்த்தால் நாம் கொடுத்துவைத்தவர்கள்தான். அங்கே பத்து வயதான டீசல் காருக்கு பங்க்கில் எண்ணெயே ஊற்றக் கூடாது என்று 2025 ஜூலை 1 முதல் தடை போட்டு, ஊர் கொதித்ததும் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள்.

பணம் போவது எரிச்சல்தான், ஆனால் அது இரண்டாவது எரிச்சல். முதல் எரிச்சல், இந்தக் கட்டணம் வண்டியின் வயதை மட்டும் கேட்கிறது, புகையைக் கேட்கவில்லை என்பது. டீசல் புகை நல்லது என்று நான் வாதாடப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. அப்படியானால் புகையை அளந்து, கரும்புகை தள்ளுகிறவனிடம் இருபதாயிரம் வாங்குங்கள், சுத்தமாக வைத்திருப்பவனிடம் ஆயிரம் வாங்குங்கள். புகைச் சான்றிதழுக்குக் கருவி இருக்கிறது, என் இண்டிகா வயது வண்டிகளுக்கு 65 ஹெச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) என்று வரம்பும் இருக்கிறது. அந்த எண்ணுக்கும் இந்தப் பத்தாயிரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இதை இன்னும் நீட்டி முழக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைத் தயார்செய்யப் போன இடத்தில் மனசு வேறு பக்கம் போய்விட்டது. கட்டணம் கிடக்கட்டும்.

வண்டி லேசாகப் புகைந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாக வந்து, இன்ஜின் சூடானதும் நின்றால் கவலையில்லை. நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, செலவு பெரிது. இது கறுப்பு. கறுப்பு என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு. பழைய டீசல் இன்ஜினில் எனக்குப் பிடித்ததே இதுதான்: கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்க வேண்டாம், பின்னால் நின்று பார்த்தால் போதும்.

வீட்டு வாசலில் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால், நம் தெருவில் கால்வாய்க்குத் தோண்டி மூடிய மண் பாதி அதில் இருந்தது. புது ஃபில்டர் போட்டேன். டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்தேன். அதைத் திறந்ததால் பைப்பில் காற்று ஏறியிருக்கும், கைப்பம்ப்பை அமுக்கி அமுக்கி ஏர் எடுத்தேன். புகை கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அடுத்தது, சிலிண்டருக்குள் டீசலைத் தூறும் நாசிலின் சோதனை. இதற்கு வேண்டியது ஒரு ஸ்பேனரும் ஒரு காதும். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒரு நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். டீசல் அங்கேயே கசிந்துவிடும், அந்த சிலிண்டருக்குப் போகாது. ஒழுங்காக வேலைசெய்யும் சிலிண்டராக இருந்தால் ஓட்டம் உடனே நொண்டும். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முதலாவது நொண்டியது, இரண்டாவதும் நொண்டியது. மூன்றாவதைத் தளர்த்தினேன். சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன், “அங்கிள், புகை நின்னுடுச்சு!” என்று கத்தினான். அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு எச்சரிக்கை. இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டும். காமன் ரெயில் டீசலில் இந்தக் கையை வைக்காதீர்கள். அதில் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், 1,600 வரை போகிற இன்ஜின்கள் சாதாரணம். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழைய வண்டியிலும் நாசில் முனைக்கு எதிரே விரலைக் காட்டக் கூடாது.

ஆக, நோய் தெரிந்துவிட்டது. மூன்றாவது நாசில் தூறவில்லை, ஒழுகுகிறது. இதைச் சொல்லிக்கொண்டு ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். டை கட்டிய தம்பி ஒருவர் பானெட்டைத் திறக்காமலேயே, “முழு அசெம்பிளியா மாத்தணும் சார். பம்ப், நாசில் எல்லாமே. பார்ட்ஸ் வர்றது கஷ்டம். எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்களேன்?” என்றார்.

அசெம்பிளி! என் வழக்கமான புலம்பல் இது, பழைய வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மிக்ஸியில் கப்ளர் தேய்ந்தால் ஜாரையே மாற்று. சீலிங் ஃபேனில் கண்டென்சர் போனால் ஃபேனையே மாற்று. தண்ணீர்ச் சுத்திகரிப்புப் பெட்டியில் ஒரு சின்ன வால்வு கசிந்தால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மாற்று, கூடவே ஆண்டுச் சந்தாவும் கட்டு. கெட்டுப்போனது எது என்று தேடுவதற்குச் சம்பளம் கொடுக்க யாரும் தயாரில்லை, கழற்றி மாட்டுவதற்குத்தான் கூலி. தேடத் தெரிந்தவர்களும் அதனால் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

நாசில்கள் நான்கையும் கழற்றி, பேப்பரில் சுற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று நம்பர் எழுதி, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு குரோம்பேட்டை தாண்டிப் போனேன். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், டீசல் பம்ப்பும் நாசிலும் பழுதுபார்க்கும் பம்ப் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும்.

“பம்ப்பையும் கழட்டிட்டீங்களா சார்?”

“இல்லண்ணே, நாசில் மட்டும்தான்.”

“நல்ல வேள. அதத் தொட்டா டைமிங் போயிடும். வெளியில கழுவிட்டு உள்ள வாங்க.”

கார் பழுதுபார்க்கும் இடம் என்றால் கிரீஸும் கரியும் என்றுதான் நினைப்போம். பம்ப் கடை அப்படி இருக்காது. கதவு சாத்தியிருக்கும். ஃபேன் ஓடாது. எண்ணெயைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் கண்ணில் படாது, ஒரு நூல் உள்ளே போனால் தீர்ந்தது கதை. பாகங்களைச் சுத்தமான டீசல் தட்டில் அலசி, ஈரத்தோடேயே மாட்டுவார். காரணம் இருக்கிறது. பம்ப்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் பருமன் எழுபது மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு பிளஞ்சரை இன்னொரு பேரலில் போட முடியாது, இரண்டையும் சேர்த்தே தேய்த்து ஜோடியாக்கியிருப்பார்கள். டீசலில் கலந்த தண்ணீரும் தூசியும் அந்த இடத்தைத்தான் முதலில் தின்னும்.

நாசில் சோதிக்கும் கருவி ஒரு கைப்பிடி, ஒரு கேஜ், கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம், அவ்வளவே. முதல் நாசிலை மாட்டிக் கைப்பிடியை மெதுவாக அழுத்தினார். முள் ஏறியது. நூறு கிலோவைத் தாண்டி ஓர் இடத்தில் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், கொசுமருந்து அடிப்பதுபோல ஒரு புகைத் தூறல். அடியில் காகிதத்தை வைத்தார். அழுத்தம் இறங்கிய பிறகு காகிதத்தில் சொட்டு இல்லை. “இது பாஸ்.” மூன்றாவதை மாட்டியபோது அந்தச் சத்தமே வரவில்லை. நூலாக ஒரு பக்கம் பீய்ச்சியது, முனையில் துளி கோத்து நின்றது, காகிதத்தில் வட்டமாக ஊறியது. அந்தத் துளிதான் என் கரும்புகை. அதைப் பிரித்து ஊசியை வெளிச்சத்தில் காட்டினார். முனைக்குச் சற்று மேலே ஒரு மங்கிய வளையம், இத்தனை வருடம் அடித்து அடித்துத் தேய்ந்த இடம். முனையை மட்டும் புதிதாகப் போட்டார். உள்ளே ஒரு மெல்லிய ஷிம்மை மாற்றி மறுபடி அழுத்தினார், மாற்றினார், அழுத்தினார், நான்கும் ஒரே அளவில் திறக்கும்வரை. சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகையில் அவர் கேட்டது ஒரு சின்னத் துண்டு.

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டியபோது அதில் இப்படி ஒரு பம்ப் இல்லை. அழுத்திய காற்றால் எண்ணெயை ஊதி உள்ளே அனுப்பினார். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு கார் ஓட முடியாது. 1913-ல் அவர் கப்பலிலிருந்து காணாமல்போனபோது டீசல் இன்ஜின் தொழிற்சாலையிலும் கப்பலிலும்தான் இருந்தது. 1927-ல் ராபர்ட் பாஷின் நிறுவனம் லாரிக்கான இன்ஜெக்‌ஷன் பம்ப்பைத் தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகே டீசல் சாலையில் பரவியது. 1936-ல் மெர்சிடஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. நம் ஊரில் அந்தப் பம்ப்புக்கு மைக்கோ என்று பெயர். பெங்களூர் கம்பெனி 2008-ல் தன் பெயரை பாஷ் என்று மாற்றிக்கொண்டாலும், கடைப்பலகைகளில் மைக்கோ போகவில்லை.

பம்ப் கடை அண்ணனிடம் முன்பு காலையிலேயே வரிசை நிற்கும். லிட்டருக்கு முப்பது ரூபாய் வரை பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் இருந்த 2012 வாக்கில், கால் டாக்ஸி என்றாலே டீசல்தான். 2014 அக்டோபரில் அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது, அந்த வித்தியாசம் சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. நடுவில் வந்த காமன் ரெயில் இன்ஜின்களுக்கு அவருடைய பெஞ்ச் போதாது, கம்ப்யூட்டர் வைத்த வேறு பெஞ்ச் வேண்டும், அதன் விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டாராம். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிகளும் போர்வெல் ரிக் வண்டிகளும் இருக்கும்வரை பம்ப் கடைக்குப் பஞ்சம் வராது. இங்கே இப்போது அவருக்குச் சோறு போடுவது அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர்கள். சிட்லபாக்கத்தில் கரண்ட் போனால் லிஃப்ட் ஓட வேண்டுமே.

வீட்டிலேயே காரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இங்கே பலமுறை பீற்றியிருக்கிறேன். அந்தப் பெருமையில் பாதி இவருக்குப் போக வேண்டியது. மீதியில் ஒரு பங்கு ராஜகீழ்ப்பாக்கத்து லேத் பட்டறைக்கு, ஒரு பங்கு ரேடியேட்டர் பற்றவைக்கும் பெரியவருக்கு, ஒரு பங்கு புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைகளுக்கு. வாசலில் நின்று ஸ்பேனர் பிடிப்பவனுக்குப் பின்னால் இத்தனை கடைகள் திறந்திருக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாயை எப்படியோ கட்டிவிடலாம். இந்தக் கடை போய்விட்டால் பணம் கட்டிய வண்டியும் புகைந்துகொண்டுதான் ஓடும், கட்டியவன் ரசீதைக் காட்டுவான். பழைய டீசல்களை ஒழிக்க அரசு தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, இந்தக் கடைகள் மூடினாலே போதும்.

பழைய டீசல் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகை வரும்வரை காத்திருக்காமல், மழைக்கு முன்னால் ஒருமுறை நாசில்களைப் பம்ப் கடையில் காட்டிவிடுங்கள். கழற்றும்போது வரிசை மாறாமல் நம்பர் போடுங்கள். அடியில் இருக்கும் செப்பு வாஷரை மறுபடி பயன்படுத்தாமல் புதிதாக வாங்கிப் போடுங்கள், பழையதைப் போட்டால் கம்ப்ரஷன் கசியும். கடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது.