நாற்காலி தந்தோம், வழி தந்தோமா?

நம்முடைய பொதுக்கூட்டங்களில் ஒரு முன்வரிசை உண்டு. கால் இழந்தோரும், கண் இழந்தோரும், முள்ளந்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தோரும் அங்கே கொண்டுவந்து இருத்தப்படுகின்றனர். பேச்சாளர் அவர்களைச் சுட்டிக் காட்டுகின்றார், அவர் குரல் தழுதழுக்கின்றது, கூட்டம் கைதட்டுகின்றது, புகைப்படமும் எடுக்கப்படுகின்றது. ஆனால், அம்மேடைக்குப் படிகள் மட்டுமே உண்டு, சாய்தளம் இல்லை. முன்வரிசையில் இருப்பவர் மேடையேறிப் பேசக்கூடும் என்று மேடை கட்டியவர் எண்ணவில்லை. அதில் ஏறி நின்று முழங்கியவரும் எண்ணவில்லை. இவ்வொன்றிலேயே நம் குறை முழுவதும் அடங்கிவிட்டது.

பெயர் மாற்றுவதில் நாம் வல்லவர்கள். ஊனமுற்றோர் என்றோம். அது இழிவென்று வலது குறைந்தோர் என்றோம். பின்னர் விசேட தேவையுடையோர் என்றோம். இன்று மாற்றுத் திறனாளிகள் என்கின்றோம். பெயர் மூன்று முறை மாறிற்று. கந்தோர்களின் வாசற்படி எத்தனை இடத்தில் மாறிற்று? எப்பெயர் தமக்குத் தகும் என்று அவர்களிடம் கேட்டவர் எத்தனை பேர்?

இவர்கள் சிறு தொகையினர் அல்லர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளோரில் 16 இலட்சத்துக்கு அதிகமானோர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனும் ஓர் இடர்ப்பாட்டுடன் வாழ்கின்றனர். எறிகணையும் மிதிவெடியும் ஆக்கிய காயங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இக்கூட்டத்தைப் பெருக்கின. 2009 இல் போர் முடிந்தது, காயம் முடியவில்லை. அன்றியும், பனையிலிருந்து விழுந்த சீவல் தொழிலாளி, நீரிழிவால் காலை இழந்த ஆசிரியர், வீதி விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த இளைஞன், பிறவியிலேயே செவி கேளாத பெண்பிள்ளை ஆகிய இவர்களும் நம்மவரே. போரில் பட்டவனுக்கு ஒரு மாலையும், பனையில் விழுந்தவனுக்கு ஒரு பெருமூச்சும் கொடுத்து இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நம் வழக்கமாயிற்று.

வாழும் வகையை யார் கற்பிப்பது?

கமக்காரரும் உத்தியோகத்தரும் நன்கு ஆராய வேண்டிய கேள்வி இது. முள்ளந்தண்டு வடம் அறுந்த ஒருவரின் உயிரை ஆஸ்பத்திரி காப்பாற்றுகின்றது. அதற்கு வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நாம் நன்றியுடையோம். ஆனால், அவர் வீடு திரும்பிய பின்னர் வரும் காலத்தை யார் காப்பது?

அவருடைய உடலின் கீழ்ப்பாதிக்கு வலி தெரியாது. வலி தெரியாமையால் ஒரே இடத்தில் அழுந்தி இருக்கும் தசைக்கு இரத்தம் ஓடாமல் அது அழுகுகின்றது. அதுவே படுக்கைப் புண். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரள வேண்டும். நாற்காலியில் இருக்கையில் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கவோ முன்னே சாயவோ வேண்டும். காலையும் மாலையும் கண்ணாடி பிடித்து இடுப்பையும் குதிகாலையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தின் சிவப்பு மாறாவிடின் அவ்விடத்தின்மேல் மீண்டும் அமர்தல் ஆகாது. சூடான தேநீர்க் கோப்பையை மடியில் வைக்கலாகாது. வெந்த பின்னரே தெரியவரும். சிறுநீர்க் குழாய்க்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்போர் பலர்; அதனாலேயே கிருமித் தொற்றும் கல்லும் வருகின்றன. ரியூப்பைக் காற்றடித்து வளையமாக்கி அதன்மேல் அமர்வது சுகம் என எண்ணுவோர் உளர். அவ்வளையம் சுற்றியுள்ள தசையை நெரித்து இரத்தத்தைத் தடுக்கின்றது.

இவற்றைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தல் எளிது. ஆனால், நள்ளிரவில் எழுப்புவதற்கு ஆளில்லாத வீட்டில் எப்படிப் புரள்வது? வலைப்பின்னல் கட்டிலில் எதைப் பிடித்துப் புரள்வது? குந்தும் மலகூடம் மட்டுமே உள்ள வீட்டில் என்ன செய்வது? பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வெட்டிக் குழியின்மேல் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்பவர் யார்? திருமண வீட்டுக்குப் போகையில் சிறுநீர்ப் பையை எங்கே மறைப்பது? மனைவியிடமும் பேச நாணும் கேள்விகளை எவரிடம் கேட்பது? இவற்றுக்கு விடை அறிந்தவர் ஒருவரே: பத்து ஆண்டுகளாக அந்நாற்காலியில் வாழ்ந்து, வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து வருபவர். வைத்தியர் ஏன் என்று சொல்வார். எப்படி என்று சொல்பவர் இவரே. அவர் கட்டிலருகே வந்து பேசும் அரை மணி நேரம் ஒரு பெட்டி மருந்துக்கு நிகராகும். ஏனெனில், அவர் சொல்லும் சொல்லுக்கு முன்னரே அவருடைய வருகை ஒரு செய்தியைச் சொல்லிவிடுகின்றது: “இதன் பின்னும் வாழ்வு உண்டு.”

இஃது எல்லா வகையினருக்கும் பொருந்தும். வீட்டிலிருந்து கிணற்றுக்குக் கயிறு கட்டி வழி பிடிப்பதையும், பணத்தாள்களை வெவ்வேறு விதமாக மடித்து வேறுபடுத்துவதையும் பார்வையற்றவர் பார்வையற்றவரிடமே விரைவிற் கற்கின்றார். கைவிரல் இறுகப் பிடிக்காதவர் கரண்டியின் பிடியில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கித் தாமே உண்ணலாம் என்பதை, அவ்வாறு உண்பவரிடமே கற்கின்றார். கால் இழந்தவர் எஞ்சிய காலின் நுனியை எப்படிக் கழுவுவது, எப்படிச் சுற்றிக் கட்டுவது, வியர்வையில் தோல் உரிந்தால் எத்தனை நாள் செயற்கைக் காலைக் கழற்றி வைப்பது என்பவற்றை இன்னொரு கால் இழந்தவரிடமே அறிகின்றார்.

கமக்காரர் ஜெய்ப்பூர்க் காலின் கதையை எண்ணிப் பார்க்கட்டும். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்குள் புகுவதற்குச் செய்யப்பட்டது. அதனுடன் வரம்பில் நடக்கவும், குந்தியிருக்கவும், சம்மணம் கொட்டவும் இயலாது. இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், வைத்தியர் பி. கே. சேத்தியும் சேர்ந்து, இறப்பரால் வெறுங்காலுடன் நடக்கத்தக்க பாதத்தை ஆக்கினர். சேற்றில் இறங்கவும் குந்தவும் அது இடங்கொடுத்தது. யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் நெடுங்காலமாக இத்தகைய கால்களைப் பொருத்தி வருகின்றது. இதன் படிப்பினை யாது? உதவி செய்ய முன்வருவோன், உதவி பெறுவோன் நிலத்தில் எப்படி வாழ்கின்றான் என்று முதலிற் கேட்க வேண்டும். கேளாமற் கொடுத்த ஒடுங்கிய சில்லு நாற்காலிகள் வன்னி மணலிற் புதையும்போது, வழங்கியவரின் புகைப்படம் மட்டும் புதையாமல் நிற்கும்.

இது கொடை அன்று, உரிமை

“இவையெல்லாம் தருமகாரியம்; வசதியுள்ளோர் செய்வர்” என்போருக்குச் சட்டத்தை எடுத்துக் காட்டுவோம்.

பொதுத்துறை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை இவர்களுக்கு ஒதுக்குமாறு அரசாங்கத்தின் சுற்றறிக்கை 1988 ஆம் ஆண்டிலேயே சொல்லிற்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், தொழிலுக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிலையத்தில் அனுமதிப்பதிலும் இயலாமையைக் காரணங்காட்டி எவரையும் பாகுபடுத்தலாகாது என்றும், பொது இடங்களைப் பயன்படுத்துவதற்கு அக்காரணத்தால் தடை விதிக்கலாகாது என்றும் விதிக்கின்றது. அது மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் அணுகுவசதியைக் கட்டாயமாக்கின. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமைய வேண்டுமென 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அவ்வழக்கைத் தொடுத்தவர் மந்திரியும் அல்லர், கட்சித் தலைவரும் அல்லர், பாதிக்கப்பட்டவரே.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26 ஆம் உறுப்புரையை நம் பிரதிநிதிகள் வாசித்தனரோ அறியோம். தம்மையொத்தவரின் துணை என்னும் வழி உட்பட ஏற்ற வழிகளால், இவர்கள் கூடிய அளவு தன்வயமாக வாழ அரசு ஆவன செய்ய வேண்டும் என்று அது கூறுகின்றது. ஆகவே, கட்டிலருகே சென்று பேசும் அம்மனிதர் அரசின் கடமை ஒன்றைத் தம் செலவில் நிறைவேற்றுகின்றார். அவருடைய பேருந்துச் செலவைக் கொடுப்பது பிச்சை அன்று. அரசு பட்ட கடன்.

நம் அரசியலமைப்பிலோ 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பாகுபாட்டுக் காரணங்களை எண்ணிச் செல்கையில் இயலாமையைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அவர்களுக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்று பிற்பகுதியில் இடங்கொடுப்பதோடு நிற்கின்றது. புதிய அரசியலமைப்பைப் பற்றி ஓயாமற் பேசும் நம் தலைவர்கள், இவ்வொரு சொல்லைச் சேர்க்கும்படி எத்தனை முறை கோரினர்?

“முதலில் இன உரிமை” என்போருக்கு

நம்முள்ளேயே சிலர் சொல்வதை நாம் அறிவோம். “இனத்தின் உரிமையே இன்னும் கிட்டவில்லை; இச்சிறு கோரிக்கைகள் பின்னர் வரட்டும்” என்கின்றனர். இவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கின்றோம்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, தனக்குப் புரியாத மொழியில் வரும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவன் வாசலில் நிற்பதன் அவமானத்தைத் தமிழன் அறிந்தான். பார்வையற்ற தமிழனுக்குத் தமிழில் வரும் கடிதமும் அத்தகையதே. செவி கேளாத தமிழ்ப் பெண் தமிழர் நடத்தும் கந்தோரிலேயே அந்நியளாய் நிற்கின்றாள். அவளுடைய சைகை மொழி அறிந்தவர் அங்கே இல்லை. நமக்கு எது வேண்டும் என்பதைக் கொழும்பு தீர்மானிக்கலாகாது என்று கூறும் நாம், இவர்களுக்கு எது வேண்டும் என்பதை இவர்களைக் கேளாமலே தீர்மானிக்கின்றோம். தன்னாட்சி கேட்கும் வாய் தன் வீட்டில் தன்னாட்சியை மறுக்குமாயின், அக்கோரிக்கையின் நியாயம் அங்கேயே தேய்ந்துவிடும்.

“கூடினால் ஒன்றாய் அழுவர், வேறென்ன செய்வர்?” என்று ஏளனம் செய்வோரும் உளர். அமெரிக்காவில் எட் ராபட்ஸ் என்பவர் பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தொழிலுக்கு உதவார் என்று மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களம் அவரைத் தள்ளியது. அவர் 1960களில் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தம்மையொத்த மாணவருடன் கூடினார். அக்கூட்டத்திலிருந்து, மாற்றுத் திறனாளிகள் தாமே நடத்தும் தன்வய வாழ்வு நிலையம் 1972 இல் பிறந்தது. சில ஆண்டுகளில் தம்மைத் தள்ளிய அதே திணைக்களத்துக்கு அவரே தலைவரானார். நம் மண்ணிலும் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் ‘உயிரிழை’ என்னும் அமைப்பைத் தமக்குத் தாமே அமைத்து நடத்துகின்றனர். அழுவதற்குக் கூடியவர்கள் அமைப்பு நடத்துவரோ?

நாம் கோருவன

முதலாவது, தண்டு வடம் பாதிக்கப்பட்ட எவரும், கால் அகற்றப்பட்ட எவரும், தம்மையொத்த ஒருவர் வந்து பேசாமல் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்படலாகாது. வருபவருக்குப் படியும் பயணச் செலவும் கொடுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பிரதேச செயலர் பிரிவிலும் மாதம் ஒருமுறை இவர்கள் கூடுவதற்கு இடமும் வாகனமும் வேண்டும். தலைவரும் செயலாளரும் அவர்களுள் ஒருவராகவே இருத்தல் வேண்டும். உத்தியோகத்தர் அழைக்கப்பட்டால் வரலாம். பெண்கள் தனித்துப் பேசுவதற்கு வேறு நேரம் ஒதுக்குதல் வேண்டும்.

மூன்றாவது, பிரதேச சபைகள் சாய்தளத்தைக் கண்துடைப்புக்குக் கட்டுவதை நிறுத்த வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே கணக்கு. மூன்றடி நீளத்தில் இரண்டடி ஏறும் சரிவு நெல் மூட்டை இறக்கத்தான் உதவும்; மனிதர் ஏற உதவாது.

நான்காவது, பொறியியலாளரே, வைத்தியரே, நியாயவாதிகளே, மாதத்தில் ஒரு நாளை அக்கூட்டங்களுக்குக் கொடுங்கள். அங்கே முதலிற் கேளுங்கள், பின்னர் பேசுங்கள். கமக்காரரே, உங்கள் கமக்காரர் அமைப்பிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இவர்களுக்கு அங்கத்துவம் கொடுங்கள். இருந்தபடி கைக்கெட்டும் உயரத்தில் மேடைப்பாத்தி கட்டினால் நாற்காலியில் உள்ளவரும் மிளகாய்க் கன்று நடுவார். நீரிறைக்கும் இயந்திரத்தின் விசையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால் அவரே தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவார்.

வீட்டின் பின்னறையில் இருப்போருக்கும் ஒரு சொல். உங்களைப் போன்ற இருவர் உங்கள் கிராமத்திலேயே இருக்கக்கூடும். அவர்களைத் தேடுங்கள்; மூவர் கூடினால் அது சங்கத்தின் தொடக்கம். பாயில் இருந்து எழுதினாலும் மனு மனுவே; சட்டம் அதனை ஏற்கும்.

இனி வரும் பொதுக்கூட்டங்களில் நாம் ஒன்றையே பார்ப்போம். முன்வரிசையில் எத்தனை நாற்காலிகள் என்று எண்ணோம். மேடைக்குச் சாய்தளம் உண்டா, பேச்சாளர் பட்டியலில் அவர்களுள் ஒருவர் பெயர் உண்டா என்று பார்ப்போம். இரண்டும் இல்லாத மேடையிலிருந்து எழும் உரிமை முழக்கத்துக்குக் கைதட்டுவதைத் தமிழ் மக்கள் நிறுத்தட்டும்!