சந்தை சரியும்போது விற்பதா, காத்திருப்பதா? முத்துக்குளித்துறை சொல்லும் கணக்கு

2024 ஜூன் 3-ம் தேதி. எக்ஸிட் போல் முடிவுகள் தந்த உற்சாகத்தில் சென்செக்ஸ் ஒரே நாளில் 2,507 புள்ளிகள் எகிறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. அதே சென்செக்ஸ் 4,390 புள்ளிகள் சரிந்து 72,079-ல் முடிந்தது. ஆனால் ஜூன் 7-ம் தேதி மாலை அது நின்ற இடம் 76,693. விழுந்தது மொத்தமும் மூன்றே வர்த்தக நாட்களில் திரும்பி வந்துவிட்டது.

ஜூன் 4-ம் தேதி பயந்துபோய் விற்றவர்களுக்கு அது பெரிய இழப்பு. அதற்காக, "எது நடந்தாலும் விற்கவே கூடாது" என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் ஆபத்துதான்.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல டிவி, யூடியூப், வாட்ஸ்அப் குரூப் என ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்போது விற்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பல சிறு முதலீட்டாளர்கள் பணத்தை விடுவது அந்த இடத்தில்தான்.

விலை விழுந்ததா, காரணம் விழுந்ததா?

இந்தக் கேள்விக்குத் தூத்துக்குடியின் கடற்கரையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், அள்ளி வந்த சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஏலத்துக்கு வரும். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, இருந்தால் எந்தத் தரம் என்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. சிப்பியை அழுக விட்டு, கழுவிப் பார்க்கும்போதுதான் தெரியும். முந்தைய சிப்பிகளில் நல்ல முத்து கிடைத்தது என்று பேச்சு பரவினால் ஏலம் சூடுபிடிக்கும். இல்லையென்றால் விலை இறங்கும். இன்றைய பங்குச் சந்தையின் தினசரி ஆட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் 1930 வாக்கில் நடந்தது வேறு. ஜப்பானின் மிக்கிமோட்டோ வழி காட்டிய வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையில் குவிந்தன. கூடவே உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. இயற்கை முத்தின் விலை படுவீழ்ச்சி கண்டது. முத்தையே நம்பியிருந்த பஹ்ரைன், குவைத் போன்ற வளைகுடா ஊர்களின் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. "எப்படியும் பழைய விலை திரும்பும்" என்று முத்தைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த விலை பல ஆண்டுகளுக்குத் திரும்பவில்லை. ஏனென்றால், கிடைப்பதே அரிது என்பதால்தான் முத்துக்கு அந்த விலை. அந்தக் காரணமே போய்விட்டது. பின்னாளில், 1973-ல், தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள்.

இதோடு 2020-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். கொரோனா பயத்தில் மார்ச் 23-ம் தேதி சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981-க்கு வந்தது. நவம்பரில், அந்த ஆண்டு ஜனவரியில் தொட்ட உச்சத்தையே தாண்டிவிட்டது. ஊரடங்கு தளர்ந்ததும் பெரும்பாலான நிறுவனங்களின் தொழில் மீண்டும் ஓடியது.

இரண்டுமே வீழ்ச்சிதான். ஒன்றில் விலை மட்டும் விழுந்தது. மற்றொன்றில் விலைக்குப் பின்னால் இருந்த காரணம் விழுந்தது. முதலாவதில் அவசரப்பட்டு விற்பது தவறு. இரண்டாவதில் விற்காமல் இருப்பது தவறு. சிக்கல் என்னவென்றால், மொபைல் திரையில் இரண்டுமே ஒரே மாதிரி சிவப்பு நிறத்தில்தான் தெரியும்.

நம்மை மாட்டிவிடும் நான்கு பொறிகள்

1. "வாங்குன விலை வரட்டும்"

தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கப்பட்டது. 2022 செப்டம்பரில் ஐபிஓ கொண்டுவந்தது. பங்கு ஒன்று 510 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்டது. செப்டம்பர் 15-ம் தேதி மும்பை பங்குச் சந்தையில் அதே 510 ரூபாயில் பட்டியலானது.

ஒதுக்கிய விலைக்குக் கீழே பங்கு இறங்கினால், எந்த ஐபிஓவாக இருந்தாலும், முதலீட்டாளர் வாயில் வரும் வார்த்தை ஒன்றுதான்: "அண்ணாச்சி, போட்ட காசு வரட்டும், வித்துடலாம்."

510 என்பது வாங்கியவரின் மனசில் இருக்கும் எண். சந்தைக்கு அது தெரியாது. ஒரு வங்கிப் பங்கை வைத்திருக்கலாமா என்பதை அதன் கடன் வளர்ச்சி, வாராக்கடன், லாபம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. நல்ல நிறுவனம் என்றால் 510 வந்ததும் விற்க வேண்டிய அவசியம் இல்லை. மோசமான நிறுவனம் என்றால் 510 வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

2. லாபத்தை அவசரமாக விற்பது, நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவது

பத்து சதவீதம் ஏறினால் உடனே விற்கத் தோன்றுகிறது. முப்பது சதவீதம் இறங்கினால், "விக்காத வரைக்கும் நஷ்டமே இல்ல" என்று மனசைத் தேற்றிக்கொள்கிறோம். 1985-ல் ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மேன் ஆகியோர் இந்தப் பழக்கத்தை ஆய்வு செய்து எழுதினார்கள்.

1998-ல் வெளியான ஆய்வில் டெரன்ஸ் ஓடியன், அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை அலசினார். விற்க வாய்ப்பிருந்த லாபங்களில் 14.8 சதவீதத்தை விற்றவர்கள், நஷ்டங்களில் 9.8 சதவீதத்தைத்தான் விற்றிருந்தார்கள். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் லாபத்தில் விற்றுவிட்ட பங்குகள், நஷ்டத்தில் பிடித்து வைத்திருந்த பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக அதிக வருமானம் கொடுத்தன.

3. "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்"

இதுவும் தூத்துக்குடிக்குத் தெரிந்த கதைதான். வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பு உற்பத்தி நிற்கும், இருப்பு வைத்திருந்தால் விலை கிடைக்கும். அதனால் உப்பை அம்பாரமாகக் குவித்து, மூடி வைப்பது வழக்கம். கணக்கு சரிதான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. உப்பளங்கள் மூழ்கின. குவித்து வைத்திருந்த உப்பும் கரைந்தது.

விலை ஏறும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. கையில் இருக்கும் அத்தனையையும் அந்த ஒரே எதிர்பார்ப்பில் வைப்பதுதான் தவறு. பாதியை விற்றுவிட்டு மீதியை வைத்திருப்பது பலருக்குத் தோல்வி மாதிரி படுகிறது. ஆனால் ராத்திரி தூக்கம் வருவதும், அடுத்த முடிவைப் பதற்றமில்லாமல் எடுக்க முடிவதும் அதனால்தான்.

4. "விட்டதைப் பிடிக்கணும்"

நான்கில் மிக மோசமானது இது. நஷ்டத்தில் விற்றதும், அதை ஒரே வாரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் பக்கம் போவது.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இந்தப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நஷ்டப்பட்டவர்களில் 75 சதவீதத்துக்கும் அதிகமானோர் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

அப்படியானால் எப்போது விற்கலாம்?

விற்பதற்கு நியாயமான காரணங்கள் பொதுவாக மூன்றுதான்.

* பணம் தேவைப்படும் நேரம் நெருங்கிவிட்டது. அடுத்த ஆண்டு கல்லூரிக் கட்டணம், கல்யாணம், வீட்டுக்கு முன்பணம் என்றால், சந்தை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பணத்தைப் படிப்படியாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

* வாங்கிய காரணம் பொய்த்துவிட்டது. கடன் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது, நிர்வாகத்தின் மீது நம்பிக்கை போய்விட்டது, அந்தத் தொழிலுக்கே வேறு ஒன்று வந்துவிட்டது. முத்துக்கு நடந்தது இதுதான்.

* ஒரே பங்கு மொத்தச் சேமிப்பில் பெரும் பகுதியாக வளர்ந்துவிட்டது. அதன் அளவை மட்டும் குறைக்கலாம்.

"மார்க்கெட் சரியில்லைன்னு பேசிக்கிறாங்க" என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

ஒழுங்கு எங்கிருந்து வரும்?

சந்தை சரியும் நாளில் மன உறுதி வரும் என்று நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. சந்தை அமைதியாக இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும்.

வாங்கும் அன்றே ஒரு நோட்டில் மூன்று வரி எழுதி வையுங்கள்: ஏன் வாங்குகிறேன், இந்தப் பணம் எப்போது வேண்டும், என்ன நடந்தால் விற்பேன். சரிவு வரும்போது முதலில் திறக்க வேண்டியது டிரேடிங் ஆப்பை அல்ல, அந்த நோட்டை.

பெரிய சரிவு நடந்த அன்றே விற்பதில்லை, ஒரு நாள் கழித்துத்தான் முடிவு என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். சந்தை திறக்கும்போதே விலை பல சதவீதம் கீழே இருந்தால், நீங்கள் குறித்த விலை கிடைக்காமல் போகலாம்.

முடிவெடுக்கத் திணறினால் ஒரு கேள்வி உதவும். இந்தப் பங்கு இன்று கையில் இல்லை, அதற்குப் பதில் பணமாக இருக்கிறது. இதே விலைக்கு இதை வாங்குவீர்களா? "மாட்டேன்" என்றால், இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?

வரிக் கணக்கையும் பாருங்கள்

2024 ஜூலை 23 முதல், பட்டியலிடப்பட்ட பங்குகளை 12 மாதங்களுக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீதம். ஒரு சில நாட்களில் ஓராண்டு முடியும் என்றால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. காரணம் பொய்த்துப்போன பங்கை வரிக்காகவே பல மாதம் வைத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

நஷ்டத்தில் விற்றாலும் அது வீணாகப் போவதில்லை. வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தால், அந்த நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகள் வரை மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். குறுகிய கால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும், நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும் கழிக்க முடியும்.

(இந்தக் கட்டுரை தகவலுக்காக மட்டுமே. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ பரிந்துரைக்கவில்லை. முதலீட்டு முடிவுகளுக்கு முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரை அணுகவும்.)